ஓர்சாரா: நெருப்பு மூட்டிய இரவும் அடுப்பு மூட்டாத வீடும்

அக்டோபர் 31, 2024, வியாழன்

தீபாவளி நாள் முழுக்க ரயிலிலேயே போனது. அலுவலக வேலையாக ஆறு மாதம் வடக்கு இத்தாலியின் பொலோனியா நகரில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் தோழிக்கு ஊர் ஓர்சாரா. தெற்கு இத்தாலியின் பூலியா மாநிலத்தில், தௌனி மலைகளின் மேல் இருக்கும் சிற்றூர். ஏறக்குறைய 2,500 பேர்தான். "நவம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி எங்கள் ஊரில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், நீயும் வா" என்று அவள் கூப்பிட்டு ஒரு மாதமாகிறது. தயங்கித் தயங்கித்தான் கிளம்பினேன். 2021 மே மாதம் மதுரையில் அப்பா கொரோனாவில் போனார். அதற்குப் பிறகு சாவு சம்பந்தப்பட்ட எதையும் நானாகத் தேடிப் போனதில்லை.

ஃபோஜா நகரில் இறங்கும்போது ரயில் எழுபது நிமிடம் தாமதம். ஓர்சாராவுக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் விடுமுறை என்பதால் நிலையத்தைச் சுற்றிக் கடைகளும் மூடத் தொடங்கியிருந்தன. திறந்திருந்த ஒரு காபிக் கடையில் 1 யூரோ 20 சென்ட் கொடுத்துக் காபி வாங்கினேன். கடைக்காரர் என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். இரண்டாவது காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தோழியின் அண்ணன் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி வந்து சேரும்வரை பாதி ஷட்டரை இறக்கி வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார்.

தவோலியெரே சமவெளி இத்தாலியின் பெரிய கோதுமைக் களஞ்சியம். இருட்டில் எதுவும் தெரியவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன.

தோழியின் அம்மா கதவைத் திறந்ததும் பேரைக் கேட்கவில்லை, "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டார். பான்கொத்தோ தயாராக இருந்தது. காய்ந்த ரொட்டியை உருளைக்கிழங்கோடும் காட்டுக் கீரையோடும் வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது. ஏழைகள் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் வைத்தார். ரொட்டி, ஊரில் 1526 முதல் இருப்பதாகச் சொல்லும் வைக்கோல் அடுப்பில் சுட்டது. மேல்தோல் கறுத்து, உள்ளே ஈரமாக, லேசான புளிப்போடு இருந்தது.

இன்று எங்கள் ஊரில் விளக்குப் பண்டிகை என்று சொன்னேன். அவர் எழுந்து போய், சிவப்புப் பிளாஸ்டிக் குவளையில் இருந்த ஒரு மெழுகு விளக்கைக் கொண்டுவந்து ஏற்றி, ஜன்னலில் வைத்தார். தீபாவளி அந்த ஒற்றை விளக்கோடு நடந்தது.

நவம்பர் 1, வெள்ளி

அந்த விளக்கு கல்லறையில் வைக்க வாங்கியது என்று காலையில்தான் தெரிந்தது. மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தெருவெல்லாம் சாமந்தித் தொட்டிகள். மஞ்சள், வெள்ளை, கத்தரிப்பூ நிறம். ஒரு தொட்டி 6 யூரோ. வீட்டம்மாவுக்கு ஒன்று வாங்கலாம் என்று கை நீட்டியபோது தோழி தடுத்தாள். இங்கே சாமந்தி இறந்தவர்களுக்கு மட்டுமே உரியது, உயிரோடிருப்பவர் கையில் கொடுக்கக் கூடாது. நமக்கு அது சாமிக்கும் கல்யாண மாலைக்கும் ஆகும் பூ என்று சொன்னேன். அவளால் நம்பவே முடியவில்லை.

மதியம் முழுக்கச் சமையலறையில் "இறந்தவர்களின் கோதுமை" தயாரானது. முழுக் கோதுமையை ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, ஆறவிட்டு, அதில் மாதுளை முத்து, வால்நட், சாக்லேட் துண்டு, பட்டைப் பொடி எல்லாம் கலக்கிறார்கள். கடைசியாக வின்கொத்தோ, அதாவது திராட்சைச் சாற்றைக் கறுப்பாகப் பாகு காய்ச்சியது. மாதுளை உரிக்கும் வேலை எனக்கு வந்தது. ஃபோஜா பக்கத்தில் குழந்தைகள் இன்று இரவு காலுறையைத் தொங்கவிட்டுத் தூங்குவார்களாம். தாத்தா பாட்டிகள் இரவில் வந்து அதில் மிட்டாய் போட்டுவிட்டுப் போவார்கள். செத்துப்போன தாத்தா பாட்டிகள். தோழிக்கு ஐந்து வயதில் வந்த சாக்லேட்டின் பெயர் இன்னும் நினைவிருக்கிறது.

இருட்டியதும் நெருப்பு மூட்டினார்கள். இந்தப் பண்டிகைக்கு ஊர்ப் பேச்சில் "ஃபுகாகோஸ்தே" என்று பெயர். வீடு வீடாக, சந்து சந்தாக வாசலில் சொக்கப்பனை போல எரிக்கிறார்கள். ஜினெஸ்திரா என்ற மஞ்சள் பூப் புதரின் காய்ந்த குச்சிகள் குப்பென்று பிடித்துப் பொறியை மேலே அனுப்புகின்றன. வீடு தேடி வரும் ஆன்மாக்களுக்கு வழி தெரிவதற்காக. ஜன்னல்களில் முகம் செதுக்கிய பூசணிக்காய்கள், உள்ளே மெழுகுவர்த்தி. அவை உத்தரிக்கிற ஸ்தலத்துத் தலைகள், அதாவது பாவம் கழியும்வரை காத்திருக்கும் ஆன்மாக்களின் தலைகள். "இது ஹாலோவீன் இல்லை" என்று தோழியின் அம்மா என்னிடம் மூன்று தடவை சொன்னார். வெளியூர்க் கூட்டம் சதுக்கத்தில் நெருக்கியடித்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, நாங்கள் எங்கள் சந்துக்கே திரும்பிவிட்டோம்.

மூன்று வீடு தள்ளி ஒரு தாத்தா நாற்காலி போட்டு நெருப்பருகில் உட்கார்ந்திருந்தார். 88 வயது. இளவயதில் ஜெர்மனியில் கார் தொழிற்சாலைக்குப் போய்ச் சம்பாதித்து, வீடு கட்டத் திரும்பி வந்தவர். தணலுக்குள் புதைத்திருந்த உருளைக்கிழங்கைக் குச்சியால் உருட்டி வெளியே எடுத்து, ஊதி, தோலைப் பிய்த்து, உப்புத் தூவி என் கையில் வைத்தார். "இந்தியாவில் உருளைக்கிழங்கு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்படியென்றால் பயமில்லாமல் சாப்பிடு" என்றார். வெங்காயமும் சாசேஜும் கூட வந்தன. மலைக்குளிர் முதுகில், சூடு முகத்தில். பத்து மணிக்கு மேல் அவருடைய மகள் வந்து தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

தூங்கப் போகும் முன் தோழியின் அம்மா சாப்பாட்டு மேஜையில் புது விரிப்பு விரித்து, ரொட்டி, தண்ணீர், ஒரு கோப்பை ஒயின், ஒரு கிண்ணம் கோதுமை வைத்தார். "அவருக்கு ஒயின் இல்லாமல் இறங்காது" என்றார். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. நான் படுக்கையில் நெடுநேரம் விழித்திருந்தேன். அமாவாசைக்கு இலை போட்டு அப்பாவைக் கூப்பிடும் அம்மாவின் குரல் காதில் இருந்தது.

நவம்பர் 2, சனி

இன்று இறந்தோர் நாள். காலை ஒன்பது மணிக்கே ஊர் மொத்தமும் கல்லறைக்குக் கிளம்பியது. வாளி, பஞ்சு, துணி, பூ, விளக்கு. நல்ல வெயில்.

இங்கே கல்லறை என்பது பெரும்பாலும் சுவர்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அறைகள், அவற்றை லோகுலோ என்கிறார்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் பளிங்குப் பலகை, முட்டை வடிவப் பீங்கானில் புகைப்படம், அணையாத ஒரு சிறு மின்விளக்கு. அந்த விளக்குக்கு வருடா வருடம் கட்டணம் கட்டவேண்டும். கண்மட்டத்தில் இருக்கும் வரிசைக்கு விலை அதிகம். உச்சி வரிசைக்குச் சக்கரம் வைத்த ஏணியைத் தள்ளிக்கொண்டு போய் ஏறுகிறார்கள். மண்ணில் புதைப்பதும் உண்டு. பத்து வருடம் கழிந்தால் தோண்டி எலும்பை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், இடம் அடுத்தவருக்கு. தோழியின் தாத்தாவும் பாட்டியும் இப்போது ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கிறார்கள்.

பெண்கள் பளிங்கைத் தேய்த்துக் கழுவினார்கள், சமையலறை மேடையைக் கழுவுவது போல, பக்கத்துக் கல்லறைக்காரியோடு பேசிக்கொண்டே. தோழியின் அம்மா கணவரின் படத்தைத் துடைத்து, என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "பார், இவள் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள். நேற்று மாதுளை உரித்தது இவள்தான்" என்று அவரிடம் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. கும்பிட்டேன்.

வீடு திரும்பி மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மணி அடித்தது. திருப்பலி மணி வேறு மாதிரி இருக்கும். இது ஒரு அடி, நீண்ட இடைவெளி, அடுத்த அடி. கரண்டிகள் நின்றன. அண்ணன் வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினார். உருளைக்கிழங்குத் தாத்தா. கல்லறைக்குக் கிளம்புவதற்காகச் சட்டை மாட்டியவர், ஒரு நிமிடம் என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

மாலைக்குள் சுவரொட்டி வந்துவிட்டது. ஊர்ச் சுவரில் இதற்கென்றே தனிப் பலகை இருக்கிறது. கறுப்புக் கட்டம், மூலையில் புனிதர் பாத்ரே பியோ படம், பெயர், அதற்குக் கீழே ஊரில் அவரை அழைக்கும் பட்டப்பெயர், வயது, துக்கத்தோடு அறிவிக்கும் மகள், மகன், மருமக்கள், பேரர்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே அடக்கம் இல்லை என்பதால் திங்கள் மாலை மூன்றரை மணி. ஒட்டுகிறவர் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே நான்கு பேர் நின்று படித்தார்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நினைவுக்கு வந்தது, ஆனால் இங்கே எழுத்துகள் சின்னவை, தலைவர்கள் படம் கிடையாது.

நான் ஞாயிறு இரவு ரயிலுக்கு வாங்கியிருந்த டிக்கெட்டை விட்டுவிட்டேன். 39 யூரோ. அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

இறந்து இருபத்துநான்கு மணி நேரம் ஆகாமல் பெட்டியை மூடக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். தாத்தாவுக்கு இரண்டு இரவு கிடைத்தது. படுக்கையறையில் திறந்த பெட்டியில் கறுப்புக் கோட்டும் டையுமாகக் கிடந்தார், விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. பெட்டிக்கடியில் குளிரூட்டும் பலகை ஒன்று மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. நம் ஃப்ரீசர் பெட்டி போட்ட அதே சத்தம். முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வெள்ளைத் துணி. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது, உயிர் போவதற்கு. சுவரோரம் நாற்காலிகளில் பெண்கள். ஆண்கள் சந்தில் நின்று ஆலிவ் அறுவடையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மகன் முகம் மழிக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். தோழியின் அம்மா முன்னே போனார். மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தம், "கொண்டோல்யான்சே", அதாவது இரங்கல், அவ்வளவுதான். நானும் அதையே சொன்னேன். மகள் என்னை விடவில்லை. "உருளைக்கிழங்கு கொடுத்தாரே, அந்தப் பெண்தானே நீ?" என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஜெபமாலை சொல்லும்போது எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஏற்ற இறக்கம் மட்டும் அரை மணியில் பழகிவிட்டது.

எனக்கு எதிரே முப்பது வருடமாகக் கறுப்பே உடுத்தும் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய சின்ன வயதில் இப்படி அமைதியாக இருக்கமாட்டார்களாம். பெண்கள் தலைமுடியை அவிழ்த்து விட்டு, கைக்குட்டையைப் பிணத்தின் மேல் இடமும் வலமும் ஆட்டி, இறந்தவரின் கை, மண்வெட்டி, கழுதை, பட்ட கடன் எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்லி அழுவார்கள். பாதிரியார்களுக்கு அது பிடிக்காது. எங்களிடம் அதற்கு ஒப்பாரி என்று பேர் என்றேன். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்து மாநிலமான லுகானியாவில் 1950களில் எர்னெஸ்தோ தெ மார்தீனோ என்ற மானுடவியலாளர் கிராமம் கிராமமாகப் போய் இந்த அழுகைப் பாட்டுகளைப் பதிவு செய்தார். துக்கத்தில் ஆள் சிதறிப்போகாமல் பிடித்துக்கொள்ள அந்தப் பழகிய வரிகளும் தாளமும் ஒரு கயிறு என்பது அவர் கண்டது. எனக்கு அது புத்தகத்தில் படித்த விஷயமாகத் தோன்றவில்லை. மருத்துவமனையிலிருந்து போன் வந்த அன்று நான் மாடி அறையில் தனியாக இருந்தேன், எனக்கும் தொற்று. எந்த வரியும் கிடைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது. இதைக் "கோன்சோலோ" என்கிறார்கள், ஆறுதல் என்று பொருள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. உறவும் அண்டை அயலும் முறைவைத்துக் கொண்டுவர வேண்டும். மேஜை விரிப்பு, தட்டு, கரண்டி, உப்பு, ஒயின், காபி வரை எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். துக்க வீட்டில் ஒரு டம்ளர்கூட அழுக்காகக் கூடாது. முதலில் கோழிச் சாறு, ஏனென்றால் தொண்டை அடைத்திருக்கும், அதுதான் இறங்கும். அப்புறம் அடுப்பில் வாட்டிய பாஸ்தா, இறைச்சி உருண்டை, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. மகள் வேண்டாம் என்றார். கொண்டுவந்த அம்மாள் கேட்கவே இல்லை, ஸ்பூனை வாய்க்கருகில் கொண்டுபோனார். "உனக்காக இல்லை, அவருக்காக" என்றார். மகள் குடித்தார்.

ராத்திரி வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது கொரோனாவின் 2020 மார்ச் வந்தது. அப்போது இத்தாலி முழுக்க இறுதிச் சடங்குகளுக்கே தடை. வடக்கே பெர்கமோ நகரிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது மார்ச் 18. மே 4 முதல்தான் பதினைந்து பேர் வரை கூட அனுமதித்தார்கள். அந்த இடைவெளியில் இந்தத் தெருவில் ஒரு சாவு. தோழியின் அம்மா பானையைத் துணியில் கட்டிப் படிக்கட்டில் வைத்து, மணியை அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாராம். கதவு திறந்து பானை உள்ளே போகும்வரை நின்றிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். மூன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாதது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்தார்.

நவம்பர் 4, திங்கள்

மூன்று மணிக்கு மூடினார்கள். சுவர் அறையில் வைப்பதானால் மரப்பெட்டியோடு துத்தநாகத் தகடும் வேண்டும், காற்று புகாமல். குடும்பம் கடைசி முத்தம் கொடுத்த பிறகு ஓர் ஆள் பற்றுவைக்கும் கருவியோடு குனிந்து விளிம்பைச் சுற்றி ஈயம் உருக்கினார். அறை முழுக்கச் சூட்டு வாசனை. அதுவரை அழாத மகன் அந்த வாசனையில் உடைந்தார்.

சந்து குறுகல், கார் வராது. ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். வழியில் ஒவ்வொரு கடையும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கியது, நாங்கள் கடந்ததும் ஏற்றியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பையன் ஸ்கூட்டரை அணைத்துக் காலால் தள்ளிச் சுவரோரம் ஒதுங்கினான்.

சான் நிக்கோலா கோயிலில் திருப்பலி முக்கால் மணி நேரம். பெட்டி வெளியே வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். திடுக்கிட்டுப் போனேன். இத்தாலி முழுக்க இப்போது இது வழக்கமாம், வாழ்ந்து முடித்தவருக்கு மரியாதை. கறுப்புடைப் பாட்டி தட்டவில்லை, எனக்கும் கை வரவில்லை. கைதட்டல் நிற்கும் அந்த நொடி பொறுக்க முடியாததாக இருக்கிறது.

கல்லறையில் மனைவிக்குப் பக்கத்து அறை அவருக்காகக் காலியாக இருந்தது. பெட்டியை உள்ளே தள்ளியதும் கொத்தனார் செங்கல் வைக்கத் தொடங்கினார். யாரும் நகரவில்லை. ஒவ்வொரு கல்லாக, கடைசிக் கல் வரை நின்று பார்த்தார்கள். மேலே சிமெண்ட் பூசினார். பளிங்குப் பலகை வரப் பல வாரம் ஆகும். மகள் ஓர் ஆணியை வாங்கி ஈரச் சிமெண்டில் அப்பாவின் பெயரையும் தேதியையும் எழுதினார். கடைசி எழுத்து சரியாக விழவில்லை. விரலால் மெழுகிவிட்டு மறுபடி எழுதினார்.

அப்புறம் எல்லாரும் அவரவர் கல்லறைக்குப் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வீடு திரும்பினோம். இன்று கோன்சோலோ முறை எங்கள் வீட்டுக்கு. இரண்டு கைப்பிடிப் பானையில் சாறு கொண்டுபோனோம், ஒரு பக்கம் நான் பிடித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை பஸ் நேரத்துக்கு வந்தது. பலகையில் அந்தச் சுவரொட்டியின் ஓரத்தை ஒட்டி ஏற்கெனவே வேறொன்று இருந்தது: முப்பதாம் நாள் திருப்பலிக்கு அழைப்பு, வேறு யாருக்கோ. தோழியின் அம்மா வைக்கோல் அடுப்பு ரொட்டி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். இரண்டு கிலோ இருக்கும், மடியில் வைத்துக்கொண்டேன்.

மலை இறங்கும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா போன பிறகு அந்த நாட்களில் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்டதே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ மாடியில் இருந்தாய், உனக்குத் தெரியாது" என்றாள். "பால்காரர் தினமும் காலையில் கேட்டில் பையைத் தொங்கவிட்டுப் போவார். பாலோடு இட்லியும் இருக்கும். அவர் சம்சாரம் அவித்தது. பதினாறு நாள். உனக்கு மாடிக்குக் கொடுத்தனுப்பியது அந்த இட்லிதான்."